மண்புழு நச்சுத்தன்மைச் சோதனை: வரலாறும் தமிழ்நாட்டு மண்ணும்

மண்புழு நச்சுத்தன்மைச் சோதனை என்பது ஒரு வேதிப்பொருள் மண்ணில் கலக்கும்போது அங்கு வாழும் மண்புழுக்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அளந்து அறியும் ஆய்வக முறையாகும். பூச்சிக்கொல்லி, பூஞ்சணக்கொல்லி, களைக்கொல்லி, தொழிற்சாலை வேதிப்பொருள்கள், கன உலோகங்கள் ஆகியவை இம்முறையில் சோதிக்கப்படுகின்றன. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் நெறிமுறை 1984ஆம் ஆண்டு உருவானது. அதற்கு நூறாண்டுக்கு முன்பே இதன் வித்து ஊன்றப்பட்டுவிட்டது.

திருவள்ளூர் நகரை அடுத்த காக்களூரில் ஏரியும் குடியிருப்பும் சிட்கோ தொழிற்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதே மாவட்டத்தின் வடகிழக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் உள்ளது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வட்டாரத்தில் தொழிற்பேட்டைகள் வந்த பிறகு, மண்ணுக்குள் இரண்டு வழிகளில் வேதிப்பொருள் சேர வாய்ப்பு உண்டாயிற்று. ஒன்று, உழவர் தாமே இடும் மருந்து. மற்றொன்று, கழிவுநீர், புகைத்தூசி, கொட்டப்படும் கழிவு ஆகியவற்றின் வழியாக வருவது. இரண்டையும் எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்விக்கு அறிவியல் கண்டுபிடித்த விடைகளுள் ஒன்றுதான் மண்புழுச் சோதனை.

ஏன் மண்புழு?

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோலின் வழியாகவே அது சுவாசிக்கிறது. மண்ணிலுள்ள நீரில் கரைந்த எந்தப் பொருளும் அந்தத் தோலின் வழியே உடலுக்குள் செல்ல முடியும். அத்துடன் அது மண்ணையே விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருளை உண்டு, மீதியை எச்சமாக வெளியேற்றுகிறது. ஆகவே வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் மண்ணின் வேதிப்பொருள் அதைத் தொடுகிறது. அதிக தூரம் நகர்ந்து தப்பவும் அதனால் இயலாது.

பறவை, தவளை, பெருச்சாளி போன்ற பல உயிர்களுக்கு அது உணவு. காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் இருப்பதைவிட மிகுதியாக அதன் உடலில் சேர்கின்றன. எனவே புழு சாகாமல் இருந்தாலும் அதைத் தின்னும் உயிருக்கு நஞ்சு போய்ச் சேரலாம்.

தமிழ்நாட்டு மாணவர்கள் பதினோராம் வகுப்பு விலங்கியலில் படிக்கும் லாம்பிட்டோ மாரிட்டி நம் வயல்களில் பரவலாகக் காணப்படும் மண்புழு. 14 முதல் 17 வரையுள்ள கண்டங்களில் அதன் கிளைடெல்லம் அமைந்துள்ளது. முதிர்ந்த புழுவை இந்தத் தடித்த வளையத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறோம். சோதனைகளுக்கு கிளைடெல்லம் உள்ள முதிர்ந்த புழுக்களே எடுக்கப்படுகின்றன என்பதால் பாடநூலின் இந்தச் செய்தி ஆய்வகத்திலும் பயன்படுகிறது.

தொடக்கம்: டார்வினின் பூந்தொட்டிகள்

சார்லஸ் டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அது அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாகச் செல்கிறது என்று அவர் கணக்கிட்டார். அதுவரை புழுவைத் தோட்டத்துக்குக் கேடு என்று கருதியவர்களும் இருந்தனர். அந்நூல் அக்கருத்தை மாற்றியது.

டார்வின் தம் வீட்டில் மண் நிரப்பிய தொட்டிகளில் புழுக்களை வளர்த்து, ஒளி, ஒலி, அதிர்வு ஆகியவற்றுக்கு அவை எவ்வாறு எதிர்வினை காட்டுகின்றன என்று பார்த்தார். புகையிலையை மென்றபடி அவற்றின்மீது மூச்சு விட்டார். வாசனைத் திரவத்தில் நனைத்த பஞ்சை அருகில் கொண்டுசென்றார். அவர் நஞ்சை அளக்கவில்லை, புலன்களையே ஆராய்ந்தார். எனினும் ஒரு பொருளைப் புழுவிடம் காட்டி அதன் நடத்தையைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே தொடங்கியது எனலாம்.

டி.டி.டி.யும் ராபின் பறவையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வேளாண்மைக்கும் மரப் பாதுகாப்புக்கும் பெருமளவில் பயன்படுத்தப்பட்டது. அமெரிக்காவில் எல்ம் மரங்களைத் தாக்கிய நோயைப் பரப்பும் வண்டுகளைக் கொல்ல மரங்களுக்கு டி.டி.டி. தெளித்தனர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 1954இல் இது தொடங்கியது. அடுத்த இளவேனிலில் அங்குத் திரும்பிய ராபின் பறவைகள் நடுக்கம் கண்டு விழுந்து இறந்தன. அப்பறவைகளின்மீது யாரும் மருந்து தெளிக்கவில்லை.

ராய் பார்க்கர் என்ற ஆய்வாளர் 1958இல் இந்தச் சங்கிலியை விளக்கினார். தெளித்த மருந்து இலைகளில் ஒட்டியது. இலைகள் உதிர்ந்தன. மண்புழுக்கள் அந்த இலைகளைத் தின்றன. ராபின்கள் மண்புழுக்களைத் தின்றன. பெரிய புழுக்கள் பதினொன்றில் சேர்ந்துள்ள டி.டி.டி. ஒரு ராபினைக் கொல்லப் போதுமானது என்பது கணக்கு. ராபின் சில நிமிடங்களிலேயே அவ்வளவு புழுக்களைத் தின்றுவிடும். ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூல் இச்செய்தியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது.

டி.டி.டி. மண்புழுக்களைப் பெரிதும் கொல்லவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டியது. புழு உயிரோடிருந்ததால்தான் அது நஞ்சைச் சுமந்து சென்றது. வேறு சில மருந்துகளோ புழுவையே அழித்தன. இங்கிலாந்தின் ஆப்பிள் தோட்டங்களில் தாமிரப் பூஞ்சணக்கொல்லியைப் பல ஆண்டுகள் தெளித்த இடங்களில் மண்புழுக்கள் இல்லாமற்போய், உதிர்ந்த இலைகள் மக்காமல் பாய்போல் படிந்து கிடந்தன. ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் எஃப். ரா 1962இல் இதைப் பதிவு செய்தார். 1970களில் பெனோமில் என்ற பூஞ்சணக்கொல்லி தெளித்த தோட்டங்களிலும் புழுக்கள் வெகுவாகக் குறைந்தன. ஆப்பிளின் சொறி நோய்ப் பூஞ்சணம் குளிர்காலத்தை உதிர்ந்த இலைகளில்தான் கழிக்கிறது. அந்த இலைகளைப் புதைத்து மக்கச் செய்வது மண்புழு. நோயைத் தடுக்கத் தெளித்த மருந்து, நோயைக் குறைக்கும் உயிரையும் சேர்த்துக் கொன்றது.

1984 நெறிமுறை

ஒவ்வோர் ஆய்வாளரும் தம் மண்ணில், தம் புழுவை வைத்து, தம் முறையில் சோதித்தால் முடிவுகளை ஒப்பிட முடியாது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) 1981இல் வேதிப்பொருள் சோதனைகளுக்கான பொது நெறிமுறைகளை வெளியிடத் தொடங்கியது. 1984 ஏப்ரல் 4 அன்று மண்புழுவுக்கான 207ஆம் நெறிமுறை ஏற்கப்பட்டது. மண்புழு ஆய்வில் பெயர்பெற்ற கிளைவ் எட்வர்ட்ஸ் இம்முறையை வடிவமைத்ததில் முதன்மைப் பங்காற்றினார்.

இதில் இரண்டு சோதனைகள் உள்ளன.

முதலாவது வடிதாள் சோதனை. சிறு கண்ணாடிக் குப்பியின் உட்புறத்தில் வடிதாளைச் சுருட்டி வைத்து, சோதிக்கும் பொருளின் கரைசலை அதில் ஊற்றி உலர்த்துவர். பிறகு தாளை நீரால் நனைத்து, குப்பிக்கு ஒரு புழு வீதம் விட்டு இருட்டில் 48 மணி நேரம் வைப்பர். தோல் வழியான நச்சுத்தன்மையை இது விரைவாகக் காட்டும். ஆனால் தாள் மண் ஆகாது. களிமண்ணும் மக்கும் பல வேதிப்பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தாள் அவ்வாறு செய்யாது. ஆகவே இது முதற்கட்டச் சலிப்பு மட்டுமே.

இரண்டாவது செயற்கை மண் சோதனை. எந்த நாட்டிலும் ஒரே மாதிரி தயாரிக்கக்கூடிய மண் தேவைப்பட்டதால் அதன் கலவையை வரையறுத்தனர். உலர்ந்த எடையில் 10 விழுக்காடு ஸ்பாக்னம் பாசியின் கரிமண், 20 விழுக்காடு கேயோலின் எனப்படும் வெள்ளைக் களிமண், ஏறத்தாழ 70 விழுக்காடு நுண் குவார்ட்ஸ் மணல். கால்சியம் கார்பனேட் சேர்த்து அதன் பி.எச். அளவை 6 அளவில் நிறுத்துவர். உலர் எடையில் 35 விழுக்காடு ஈரம். வெப்பநிலை 20 பாகை செல்சியசு, இரண்டு பாகை கூடலாம் அல்லது குறையலாம்.

புழு, ஐசீனியா ஃபெட்டிடா. இரண்டு மாதத்துக்கு மேல் வயதானதும், 300 முதல் 600 மில்லிகிராம் எடையுள்ளதும், கிளைடெல்லம் உடையதுமான புழுக்களை எடுப்பர். ஒரு கலனில் பத்துப் புழு, ஒவ்வோர் அளவுக்கும் நான்கு கலன். விளக்கு இரவும் பகலும் எரியும். வெளிச்சத்தை வெறுக்கும் புழுக்கள் அப்போதுதான் மேலே வந்து தப்பப் பார்க்காமல் மண்ணுக்குள்ளேயே இருக்கும். 7ஆம் நாளும் 14ஆம் நாளும் இறந்தவற்றை எண்ணுவர். தலைப்பகுதியை மெல்லத் தொட்டும் அசையாத புழு இறந்ததாகக் கொள்ளப்படும். மருந்து கலக்காத கலனில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இறந்தால் அந்தச் சோதனை செல்லாது.

பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவு எல்.சி.50 எனப்படுகிறது. ஒரு கிலோ உலர் மண்ணுக்கு எத்தனை மில்லிகிராம் என்று அது குறிக்கப்படும். எண் சிறியதாக இருந்தால் நஞ்சு கடுமையானது.

எண்ணை வயலோடு பொருத்துதல்

ஆய்வக எண்ணை வயலுக்கு எப்படிப் பொருத்துவது? மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. 3 விழுக்காடு நஞ்சுள்ள குருணை மருந்தை எக்டேருக்கு 25 கிலோ இடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் உண்மையான நஞ்சு 0.75 கிலோ. ஓர் எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். மேல்மண் 5 செ.மீ. ஆழத்துக்கு மருந்து கலக்கிறது என்றால் மண்ணின் கன அளவு 500 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மண் 1,500 கிலோ எனக் கொண்டால் மொத்த மண் 7,50,000 கிலோ. ஆக, கிலோ மண்ணுக்கு 1 மில்லிகிராம் நஞ்சு.

அந்த மருந்தின் எல்.சி.50 கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்று ஆய்வகம் சொன்னால், இரண்டுக்கும் இடையிலான விகிதம் 8. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் இந்த விகிதம் 10க்குக் குறைந்தால் மேலும் ஆராயாமல் ஏற்க முடியாது. பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவுக்கு எட்டில் ஒரு பங்குதானே என்று விட்டுவிடக் கூடாது என்பதே இதன் பொருள். குருணை மருந்து வயலெங்கும் சமமாகப் பரவுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குருணை விழுந்த இடத்தில் செறிவு பல மடங்கு இருக்கும்.

சாகாத புழுவின் கணக்கு

இறப்பை மட்டும் எண்ணினால் போதாது என்பது விரைவில் தெரிந்தது. புழு உயிரோடிருந்தும் முட்டைக்கூடு இடாமற்போனால் சில பருவங்களில் அந்த வயலில் புழுவே இராது. ஆகவே இனப்பெருக்கச் சோதனை உருவாயிற்று. பன்னாட்டுத் தர நிறுவனம் 1998இல் இதற்கான தரத்தை வெளியிட்டது. ஓ.இ.சி.டி.யின் 222ஆம் நெறிமுறை 2004இல் ஏற்கப்பட்டது.

இச்சோதனை எட்டு வாரம் நடக்கும். முதல் நான்கு வாரம் முதிர்ந்த புழுக்கள் மருந்து கலந்த மண்ணில் இருக்கும். சாணம் உணவாகும். பிறகு அவற்றை எடுத்துவிட்டு, முட்டைக்கூடுகளோடு மண்ணை மேலும் நான்கு வாரம் வைப்பர். முடிவில் கலனை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தினால் குஞ்சுகள் வெப்பம் தாளாமல் மேலே வரும், அவற்றை எண்ணுவர். மருந்தில்லாத கலனில் குறைந்தது 30 குஞ்சுகளாவது இருக்க வேண்டும். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க கார்பென்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லியை அளவுகோலாகப் பயன்படுத்துகின்றனர். கிலோ மண்ணுக்கு 1 முதல் 5 மில்லிகிராமிலேயே அது இனப்பெருக்கத்தைக் குறைத்துவிடும்.

மூன்றாவதாக, தவிர்த்தல் சோதனை வந்தது. கலனின் ஒரு பாதியில் நல்ல மண், மறுபாதியில் சந்தேகத்துக்குரிய மண். நடுக்கோட்டில் புழுக்களை விட்டு 48 மணி நேரம் கழித்து எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணுவர். சந்தேக மண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான புழுக்களே இருந்தால் அந்த மண்ணின் வாழிடத் தன்மை கெட்டிருப்பதாகக் கொள்வர். இரண்டே நாளில் முடிவதால், மாசடைந்த நிலத்தின் மண்ணைச் சலித்துப் பார்க்க இது ஏற்றது.

இந்தியாவில்

207ஆம் நெறிமுறை வருவதற்கு முன்பே இந்தியாவில் இத்துறையில் வேலை நடந்தது. ஆர். சோனி, எஸ். ஏ. அப்பாசி ஆகியோர் ஃபெரிட்டிமா போஸ்துமா என்ற நம் நாட்டுப் புழுவுக்கு ஆறிணைதிறக் குரோமியம் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து 1981இல் வெளியிட்டனர். தோல் பதனிடும் தொழிலும் குரோமியமும் பிரிக்க முடியாதவை என்பதால் இந்த ஆய்வுக்குத் தமிழ்நாட்டிலும் பொருள் உண்டு. ஒடிசாவின் சம்பல்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மண்புழுச் சூழலியல் ஒரு தனி மரபாகவே வளர்ந்தது. அங்கு எஸ். பாண்டா, எஸ். கே. சாகு ஆகியோர் நெல்வயல் புழுவான திரவிடா வில்சியை எடுத்து, மாலத்தியான், கார்போஃபியூரான் போன்ற மருந்துகள் அதன் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் எவ்வாறு பாதிக்கின்றன என்று பார்த்தனர். நரம்பு நொதியான அசிட்டைல்கோலின் எஸ்டரேசு மீண்டும் பழைய நிலைக்கு வர எவ்வளவு நாளாகிறது என்பதையும் அளந்தனர்.

தமிழ்நாட்டில் மண்புழு என்றதும் நினைவுக்கு வருபவர் சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில். லாம்பிட்டோ மாரிட்டி, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகிய உள்ளூர்ப் புழுக்களையே உரத் தயாரிப்புக்குப் பயன்படுத்தலாம் என்று அவர் காட்டியது, வெளிநாட்டுப் புழுவை நாட வேண்டியதில்லை என்ற நம்பிக்கையைத் தந்தது.

சட்டத்தின் பக்கம் வளர்ச்சி மெதுவாக நடந்தது. கேரளத்தில் 1958இல் பாரத்தியான் கலந்த உணவால் பலர் இறந்ததன் தொடர்ச்சியாக 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அதன் முதல் அக்கறை மனித உயிர். பிறகு பதிவுக்கான தரவுகளில் பறவை, மீன், தேனீ, மண்புழு ஆகியவையும் இடம்பெற்றன. நல்ல ஆய்வக நடைமுறையைக் கண்காணிக்கும் தேசிய அமைப்பு 2002இல் ஏற்படுத்தப்பட்டது. 2011 முதல் இந்திய ஆய்வகங்களின் தரவை ஓ.இ.சி.டி. நாடுகளும் ஏற்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டம் படப்பையில் உள்ள பன்னாட்டு உயிரித்தொழில்நுட்ப நச்சியல் நிறுவனம் இத்தகைய சோதனைகள் நடக்கும் இடங்களுள் ஒன்று.

இலங்கை தந்த மாற்று

207ஆம் நெறிமுறையின் புழுவும் மண்ணும் வெப்பநிலையும் குளிர்நாட்டுக்குரியவை. ஐசீனியா ஃபெட்டிடா எருக்குவியலில் வாழும் புழு. உரத்தொட்டியில் செழிக்கும் அது நம் வயலில் குடியிருப்பதில்லை. ஸ்பாக்னம் கரிமண் இங்குக் கிடைப்பதில்லை, இறக்குமதி செய்ய வேண்டும். 20 பாகை என்பது நம் மண்ணுக்கு மார்கழியிலும் எட்டாத குளிர்.

இலங்கை ஆய்வாளர் பி. எம். சி. எஸ். டி சில்வா, நெதர்லாந்தின் வான் கெஸ்டலுடன் சேர்ந்து 2009இல் ஒரு மாற்றை முன்வைத்தார். ஸ்பாக்னம் கரிமண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்க் கழிவைச் செயற்கை மண்ணில் கலக்கலாம் என்று காட்டினார். வெப்பநிலையையும் மண் வகையையும் மாற்றி அவர்கள் செய்த ஆய்வில், நஞ்சின் கடுமை மருந்துக்கு மருந்து, மண்ணுக்கு மண் மாறியது. குளிர்நாட்டு எண்ணை ஒரு பெருக்கல் வாய்ப்பாட்டால் நம் நாட்டு எண்ணாக்கிவிட முடியாது என்பது இதனால் தெளிவாகிறது. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் புழுவையும் 2010இல் வெளியான ஆய்வில் சோதித்தனர். பொள்ளாச்சி முதல் பட்டுக்கோட்டை வரை நார்க் கழிவு மலைபோல் குவியும் தமிழ்நாட்டுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும்.

திருவள்ளூர் வட்டாரத்துக்கு இது ஏன் தேவை?

இந்த மாவட்டத்துக்கு மருந்தைக் குறைக்கும் வழியைக் காட்டிய பெருமையும் உண்டு. திருவள்ளூரை அடுத்த திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.எம்.6 என்ற நெல், தண்டுத் துளைப்பானைத் தாங்கும் தன்மை உடையது. உலகப் புகழ்பெற்ற ஐ.ஆர்.20 நெல்லுக்குப் பெற்றோராக அமைந்தது இதுவே. விதையிலேயே எதிர்ப்பு இருந்தால் குருணை மருந்தின் தேவை குறையும்.

தொழிற்பேட்டையை ஒட்டிய நிலத்தின் நிலை வேறு. அங்கு மண்ணில் சேர்வது ஒரே மருந்தாக இராது. துத்தநாகம், ஈயம், குரோமியம், எண்ணெய் எனக் கலவையாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே வேதியியல் முறையில் அளந்தால் அட்டவணை கிடைக்கும், எல்லாம் சேர்ந்து உயிருக்கு என்ன செய்கின்றன என்பது கிடைக்காது. அந்த மண்ணையே எடுத்துப் புழுவை விட்டுப் பார்த்தால் கலவையின் மொத்த விளைவும் தெரியும்.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகள், நுண்ணூட்டங்கள், பி.எச்., மின்கடத்துதிறன், கரிமம் என 12 அளவுகள் உள்ளன. ஈயமும் காட்மியமும் குரோமியமும் அதில் இல்லை. மண்ணில் வாழும் உயிர்களும் இல்லை. எனவே தொழிற்பேட்டைக்கு அருகே பயிரிடும் உழவர், அட்டையில் எல்லாம் சரியாக இருந்தும் தம் மண் உயிரோடிருக்கிறதா என்பதை அறிய முடியாது. மாசடைந்த நிலங்களுக்கென மத்திய அரசு 2025இல் தனி விதிகளை வெளியிட்டுள்ளது. அத்தகைய நிலங்களை ஆராயும்போது தவிர்த்தல் சோதனையையும் இனப்பெருக்கச் சோதனையையும் உள்ளூர்ப் புழுவோடு சேர்த்துச் செய்வது பயன் தரும்.

மாணவர்கள் செய்யக்கூடியது

புழுவுக்கு நஞ்சிட்டுப் பார்க்கும் சோதனை பயிற்சி பெற்ற ஆய்வகத்துக்கு உரியது. பள்ளி மாணவர்கள் எண்ணிக்கை எடுக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், நிலத்துக்கு உரியவரின் இசைவோடு, 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் உள்ள மண்ணை வெட்டி எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பிப் புழுக்களைக் கையால் பொறுக்கி எண்ண வேண்டும். கிளைடெல்லம் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று தனித்தனியே குறிக்க வேண்டும். வயல், தோப்பு, சாலையோரம், தொழிற்பேட்டையின் வெளிப்புறம் எனப் பல இடங்களில் இடத்துக்கு ஐந்து குழியாவது எடுத்தால் ஒப்பிடலாம். எண்ணிய பின் புழுக்களையும் மண்ணையும் அதே குழியில் விட்டுவிட வேண்டும். கையுறை அணிவது அவசியம்.

புழு குறைவாக இருப்பதாலேயே நஞ்சு என்று முடிவு கட்டக் கூடாது. ஈரம், உழவு, மக்கு, உப்பு எல்லாம் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. இளம்புழுக்கள் ஓரிடத்தில் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தால் அதைக் கவனிக்க வேண்டும். இனப்பெருக்கம் தடைபட்டிருப்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். அந்தக் குறிப்பேட்டோடு வேளாண்மை அலுவலகத்தையோ அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையையோ அணுகினால், முறையான மண் சோதனை கேட்பதற்கு அதுவே ஆதாரமாகும்.